மண்டையில் மூவாயிரம் தட்டு

“இன்னிக்கு ரெண்டு தட்டு சேத்தே போடுங்க தம்பி. நேத்து சாயங்காலம் என்னையே முறைச்சாரு” என்று சொல்லி, கணவரை நாற்காலியில் ஒப்படைத்துவிட்டு வெளியே போனாள் அந்த அம்மா.

டெக்னீஷியனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினேழு நாளாக அந்த மனிதரின் மண்டையில், நாளொன்றுக்கு மூவாயிரம் வீதம், எண்ணித் தட்டியவன் அவன்தான். சுத்தியலால் அல்ல, காந்தத்தால்.

மனச்சோர்வுக்கு அப்படி ஒரு வைத்தியம். கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது. ‘8’ போல வளைத்த கம்பிச் சுருளைத் தலையில் வைத்தால் மரங்கொத்தி மாதிரி ‘டக் டக் டக்’ என்று சத்தம் வரும். காந்த அலை உள்ளே போய், சோம்பிக் கிடக்கும் மூளையை எழுப்பும். இருபது நாள் கணக்கு. கருவி புதிது. அவர்தான் முதல் போணி.

பலனும் தெரிந்தது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று வாராவாரம் ஒரு கேள்வித்தாள். முதல் வாரம் இருபத்திரண்டு மதிப்பெண், இந்த வாரம் ஆறு. குறையக் குறைய நல்லது என்கிற ஒரே பரீட்சை அதுதான். தாளை நிரப்புவது அந்த அம்மா. கணவரை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். “கேக்கணுமா என்ன? எனக்குத் தெரியாதா?” என்று மளமளவென டிக் அடிப்பாள்.

அவளும்தான் எப்படி இருந்தாள்! முதல் நாள் ஜோடி சேராத செருப்போடு வந்து, சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு இப்படி என்றால் யார்தான் செருப்பைப் பார்த்து மாட்டுவார்கள்? இப்போது வரவேற்பறைப் பெண்ணோடு தினம் ஒரு வம்பு.

எல்லாம் நன்றாகத்தான் போனது, இன்று காலை அவன் அலமாரியைத் துடைக்கும் வரை.

அலமாரியில் இரண்டு சுருள்கள். ஒன்று நிஜம். இன்னொன்று மாணவர்கள் பழகுவதற்கு; சத்தம் உண்டு, சரக்கு கிடையாது. அதன்மேல் அடையாளத்துக்கு ஒட்டிய பச்சை ஸ்டிக்கர், மூலையில் தூசியோடு கிடந்தது. அவன் தினமும் எடுத்த சுருளைத் தன் முன்கையில் வைத்து அழுத்திப் பார்த்தான். ‘டக்’ என்றது. விரல் அசையவில்லை. மற்றதை மாட்டினான். விரல் தவளை மாதிரித் துள்ளியது.

எவ்வளவு பலமாகத் தட்டலாம் என்று அளவு பார்த்த முதல் அன்று டாக்டர் எடுத்தது நிஜம். மறுநாளிலிருந்து இவன் எடுத்தது சத்தம்.

சொன்னால் வேலை போகும். அதைக்கூட விழுங்கிவிடலாம். ஏதோ நம்பிக்கையில் எழுந்து உட்கார்ந்த மனிதர் மறுபடி சாய்ந்துவிட்டால்? நிஜச் சுருளை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. மாட்டியும் விட்டான். அதை அவர் தலைக்கு அருகே கொண்டுபோனவனுக்குப் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை.

“சார், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு” என்று ஆரம்பித்து, ஸ்டிக்கர் முதல் ஐம்பத்தோராயிரம் வெறுந்தட்டு வரை ஒப்பித்து முடித்தான். “உங்களையும் அம்மாவையும் ஏமாத்திட்டேன் சார். ராத்திரி நீங்க தூங்குறீங்கன்னு அவங்க சொல்லும்போதெல்லாம் நான் என்னமோ சாதிச்ச மாதிரி சிரிச்சேன்.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்போ இத்தன நாளா உள்ள ஒண்ணுமே போகலையா?”

“இல்ல சார்.”

“அப்பாடா!” என்று பெருமூச்சு விட்டார். “இப்ப மாட்டியிருக்கிறது?”

“இது நிஜம் சார். இன்னிலேருந்து ஒழுங்கா...”

அவர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். “அத முதல்ல அந்தப் பக்கம் திருப்புங்க தம்பி! மிச்ச மூணு நாளைக்கும் பழைய சத்தமே போதும்.”

“என்ன சார் சொல்றீங்க? உங்க வியாதி என்னாகும்?”

வெளியே அந்த அம்மா எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தனக்குன்னா ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டேன்னுட்டா. எனக்குன்னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்.”

“யார சார்?”

“நோயாளி வெளியில உக்காந்திருக்கா, தம்பி.”