தூக்குநூல்

கூரம் போகும் வழியில் ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். ஞாயிறு மாலைகளில் உபதேசியார் ஞானமுத்து அங்கே தெருமுனையில் மைக் பிடிப்பார்.

“ஆண்டவர் செவுரு நேர் பாக்கற தூக்குநூல் புடிச்சிக்கினு மதில் மேல நிக்கறத ஆமோஸ் தீர்க்கதரிசி பாத்தாரு. ஜனங்க கிட்ட சொன்னாரு. யாரும் கேக்கல.”

“ஐயா, கொழந்த தூங்குது. சவுண்டக் கொறைங்க,” என்றாள் முனை வீட்டுக் கிருஷ்ணவேணி. குறைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் வீட்டு மாடிச் சுவருக்குக் கொத்தனார் கலைவாணன் நூலில் தூக்குக்குண்டு விட்டார். அது ஏரியின் பழைய மதகு இருந்த பக்கமாகச் சாய்ந்து நின்றது. காற்று இல்லை.

“நூலு சரியில்லமா.”

அவள் கீழே போய்த் தறியிலிருந்து பட்டு நூல் அறுத்து வந்தாள். அதிலும் குண்டு சாய்ந்தே நின்றது.

“இன்னாமா செய்றது?”

“குண்ட எட்த்து உள்ள வைங்க. கண் பார்வையிலயே கட்டிடுங்க.”

சுவர் எழும்பியது. சாயங்காலம் குழந்தையைத் தூளியில் போட்டாள். தூளி ஆடாமல் மதகுப் பக்கம் சாய்ந்து நின்றது. நேராக இழுத்து விட்டாள். மெதுவாக அங்கேயே திரும்பிப் போனது.

எதிர்ப்பக்க ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, தூளியோடு சேர்த்து முடிந்தாள். இப்போது நேராகத் தொங்கியது. குழந்தை தூங்கிற்று.

கயிறு விறைத்தபடியே இருந்தது.