பாதி எரிந்த மெழுகுவர்த்தி

எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார் பந்தெலெய். தூணுக்குப் பின்னால் நின்று ஸ்தெஃபா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசைக்கு முன்னால் அவள் தன் மகன் நெஸ்தோருக்காக ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி அது. பாதிதான் எரிந்திருந்தது.

போர் மூண்ட பிறகு வந்த முதல் குளிர்காலம். நெஸ்தோர் கிழக்கே போர்முனையில் இருந்தான். அவனுக்காக ஏற்றியது காற்றில் அணைந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. இந்த ஆளோ வேண்டுமென்றே அணைத்து எடுத்துக்கொண்டு போகிறார்.

தேவாலய வாசலில் பக்கத்து வீட்டு ஹான்யாவிடம் சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கோயில் மெழுகை வேற எதுக்குக்கா எடுப்பாங்க? சூனியம் வைக்கத்தான். யார் பேரச் சொல்லி ஏத்தினோமோ, அவங்க தலையிலதான் அது இறங்குமாம்."

"வாய மூடுடி. நானே நடுங்கிப் போயிருக்கேன்."

"சண்டைக்குத் தப்பி கார்கிவ் பக்கமிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற ஆளு. முன்னப்பின்ன யாருக்குத் தெரியும்? போன வாரம் என் வீட்டுக்கு வந்து, காலி மீன் டப்பா இருக்கான்னு கேக்குறாரு. பூனைகூட இல்லாத மனுசனுக்கு மீன் டப்பா எதுக்கு?"

அந்த வாரம் முழுக்க ஸ்தெஃபாவுக்கு வேறு நினைப்பே இல்லை. நெஸ்தோரிடமிருந்து போனும் வரவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக வெளியே வந்தார் பந்தெலெய். ஆற்றுப் பாலத்தில் அவரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பையத் தொற."

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "கேக்காம எடுத்தது தப்புதாம்மா. இந்த ஊர்ல எனக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுறதில்ல, கேட்டாத் தரமாட்டீங்கன்னுதான்... ஆனா இது எனக்கில்ல."

"உனக்கில்லன்னா எந்தப் பேய்க்கு? எம்புள்ளதான் கெடச்சானா உனக்கு?"

"அம்மா, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க..."

அவள் கேட்கவில்லை. பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஊரே ஏற்றிய மெழுகுத் துண்டுகள் அத்தனையும் தண்ணீரில் விழுந்து மிதந்து போயின. பந்தெலெய் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். ஸ்தெஃபாவுக்கு மகனைத் தன் கையாலேயே காப்பாற்றிவிட்ட நிம்மதி. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வார முடிவில் நெஸ்தோர் போன் செய்தான். அவன் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குரல்தான் கரகரவென்று இருந்தது.

"என்னடா, சளியா? நல்ல வீடு, அடுப்பெல்லாம் இருக்குன்னியே."

"நீ பயப்படுவேன்னு சும்மா சொன்னேம்மா. மண்ணுக்குள்ள குழியிலதான் கிடக்குறோம். நம்ம ஊர்ப் பக்கமிருந்து வர்ற வண்டியில, காலி மீன் டப்பாவுல மெழுகு ஊத்தி, திரி வச்சு வாராவாரம் யாரோ அனுப்புவாங்க. அதுலதான் டீ போடுவோம், கை காய்வோம். டப்பாவுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'ஒரு அம்மா தன் மகனுக்காகக் கோயில்ல ஏத்தின மெழுகு இது'ன்னு. படிக்கிறப்பல்லாம் உன் ஞாபகம்தான் வரும்."

ஸ்தெஃபா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாரம் ஒண்ணுமே வரலம்மா. அந்த அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ, பாவம்."