எல்லோர் நாக்கிலும்

கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. டிவி புகழ் செஃப் இளம்பரிதி அதில் நடத்திய சமையல் வகுப்பில் எல்லோர் நாக்கிலும் ஒரு மெல்லிய வில்லை ஒட்டப்பட்டிருந்தது. ஒருவர் ருசித்தால் அவர் நாக்கு உணரும் ருசி அப்படியே மற்ற அனைவருக்கும் தெரியும்.

"இந்த வத்தக்குழம்பு யாரோடதுன்னு அப்புறம் சொல்றேன். யாழினி, நீங்க ருசி பாருங்க."

வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேற யாராவது பாக்கட்டும் சார்."

"சும்மா வாயில வைடி," என்று பின்வரிசையிலிருந்து அம்மா சிரித்தாள்.

ஒரு கரண்டி விழுங்கினேன். அத்தனை பேரும் முகம் சுளித்தார்கள்.

"அய்யே, கடல் தண்ணியையா மொண்டு ஊத்தினாங்க?" என்றாள் அம்மா.

செஃப் தயங்கினார். "இது உங்களோடதும்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தினமும் நல்லாருக்குன்னுதானேடி சொன்ன?"

எனக்குக் காது சுட்டது. தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் உனக்கு உப்பே தெரியறதில்லம்மா."