பெரிய வளையம்

"இருங்க, இந்த அம்மாவை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்."

வளையம் எறியக் கையை ஓங்கிய அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டால்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் பெற்றோர் சங்கச் செயலாளர். இந்தப் பள்ளி விழாவுக்கு ஸ்டால்காரரின் ஸ்டால்களை வாடகைக்கு எடுத்தவரே அந்த மேடம்தான்.

"ஆங், ஞாபகம் வந்துடுச்சு. போன மாசம் நூலக விழா. இதே ஸ்டால், இதே கரடி, ஜெயிச்சதும் இவங்கதான். என் பொண்ணு அந்தக் கரடிகூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா."

"நான் எந்த விழாவையும் விடமாட்டேம்மா. வீட்ல சும்மா உட்கார்ந்து என்ன பண்றது?" என்றார் அம்மாள்.

அதில் பொய் எதுவும் இல்லை. தான் ஸ்டால்காரரின் மாமியார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

விளையாட்டு ஸ்டால்களை வாடகைக்கு விடுகிற தொழிலில் முதல் கூட்டத்தைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. யாராவது ஒருவர் ஆளுயரக் கரடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்தால் போதும், "எங்கே கிடைச்சது?" என்று கேட்டுக்கொண்டு எல்லாரும் வந்துவிடுவார்கள். அந்த ஒருவர்தான் மாமியார்.

பிள்ளைகளுக்கு முன்வரிசையில் பென்சில், பந்து என்று ஏதாவது சுலபமாகக் கிடைத்துவிடும். கரடி வேண்டுமென்றால் பின்வரிசைப் பாட்டிலில் வளையம் விழ வேண்டும். பாட்டில் கழுத்துக்கும் வளையத்துக்கும் நூலளவுதான் இடைவெளி. ஸ்டால்காரரே எறிந்து பார்த்து ஒருநாளும் விழுந்ததில்லை. அதனால், பார்வைக்கு வித்தியாசம் தெரியாதபடி சற்றே பெரிய வளையம் ஒன்றைச் செய்து மாமியாரின் கைப்பையில் போட்டு வைத்தார். மாமியார் அதை எறிந்து ஜெயிப்பார்; கரடியைக் கொக்கியிலிருந்து இறக்க அவர் முதுகைத் திருப்பும் நேரத்தில், எட்டி வளையத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். சாயங்காலம் கரடி சத்தமில்லாமல் வேனில் ஏறிவிடும். மூன்று வருடமாக இதே நாடகம். ஒவ்வொரு விழா முடிவிலும் வாளியில் ஒரு வளையம் குறையும். பிள்ளைகள் யாரோ எடுத்துப் போகிறார்கள் என்று ஸ்டால்காரர் அதைக் கண்டுகொள்வதில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தக் கைப்பையைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?" என்றார் செயலாளர்.

"மேடம், பெரியவங்க பையைப் போய்..." என்று பதறினார் ஸ்டால்காரர்.

"பரவாயில்லை தம்பி." வெளியிடத்தில் மாப்பிள்ளை தம்பியாகிவிடுவதும் ஏற்பாட்டில் சேர்ந்ததுதான். மாமியார் பையைக் கவுன்டரில் கவிழ்த்தார். மூக்குக் கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, இருமல் மிட்டாய். வேறு எதுவும் இல்லை.

செயலாளர் விடவில்லை. மாமியார் கையில் இருந்த வளையத்தை வாங்கி, வாளியிலிருந்து எடுத்த இன்னொன்றோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

அப்படியானால் பெரிய வளையம் எங்கே போயிற்று? ஸ்டால்காரர் மாமியாரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பலே கில்லாடி, எங்கேயோ ஒளித்துவிட்டார்!

"சரி, நானே மூணு வளையம் எடுத்துத் தர்றேன், எறியுங்க," என்றார் செயலாளர். "ஒண்ணு விழுந்தாலும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். விழலைன்னா, இனிமே எந்தப் பள்ளிக்கூடமும் இவரைக் கூப்பிடாம நான் பார்த்துக்கிறேன்."

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் சேரவில்லையே என்று எத்தனையோ நாள் கவலைப்பட்ட ஸ்டால்காரர், இன்று எல்லாரும் கலைந்து போக மாட்டார்களா என்று ஏங்கினார்.

முதல் வளையம் பாட்டிலில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு. பக்கத்தில் பாப்கார்ன் மெஷினோடு நிற்கிற மனைவியிடம் என்ன சொல்வது?

மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒரு கண்ணைச் சுருக்கினார். மணிக்கட்டை மட்டும் லேசாகச் சொடுக்கினார்.

வளையம் பாட்டிலின் தலையில் உட்கார்ந்து, தள்ளாடி, கழுத்தில் வழுக்கி இறங்கியது.

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. செயலாளர் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்கம்மா. தம்பி, அடுத்த விழாவுக்கும் உங்க ஸ்டால்தான்." அதற்குள் கவுன்டர் முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டுவிட்டது.

சாயங்காலம் வேனில், ஸ்டால்காரருக்கும் மாமியாருக்கும் நடுவில் கரடி உட்கார்ந்திருந்தது. மனைவி பின்னால் பாப்கார்ன் மெஷின் பக்கத்தில் அசந்து தூங்கிவிட்டார். பள்ளி வாசலைத் தாண்டும்வரை கேள்வியை அடக்கிக்கொண்டிருந்த ஸ்டால்காரரால் அதற்குமேல் முடியவில்லை.

"அத்தை, எப்ப மாத்தினீங்க? அந்த மேடம் கண்கொத்திப் பாம்பாட்டம் பார்த்துக்கிட்டே இருந்தாங்களே!"

"எதை மாத்தினேன்?"

"பெரிய வளையத்தைத்தான்!"

மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கோவிச்சுக்க மாட்டீங்களே மாப்பிள்ளை?"

"சொல்லுங்க அத்தை."

"அதை முதல் விழா முடிஞ்ச அன்னிக்கே தொலைச்சுட்டேன். சொன்னா என்னை வீட்ல விட்டுட்டு வந்துடுவீங்களோன்னு பயம். அதான் நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் எண்ணெய் பாட்டிலை வெச்சு எறிஞ்சு எறிஞ்சு பழகினேன்."

வேன் ஓரமாகப் போய் நின்றது.

"அப்போ... மூணு வருஷமா?"

"எறிஞ்சதும் பைக்குள்ள போட்டதும் எல்லாம் வாளி வளையம்தான். நிஜமாவே ஜெயிச்சதுதான்." மாமியார் கரடியின் காதை மெல்லத் தடவினார். "ஒரு தடவையாவது இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு பார்த்தா, நீங்கதான் கொண்டுபோய் குடோன்ல இறக்கிடுறீங்க!"