மருந்து கலக்காத தொட்டி

"மீனோடு பழக்கம் இருக்கிறதா?" என்று வேலைக்கு எடுக்கும்போது ஆய்வுகூடப் பொறுப்பாளர் கீர்ஸ்தன் அவளிடம் கேட்டாள்.

ராசமலர் கொஞ்சம் யோசித்தாள். "கழுவுவன், வெட்டுவன். திரளி மீன் எண்டால் சொதியும் வைப்பன்."

பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்த கோணேஸ்வரன் அதை டேனிஷில், "கடற்கரையில் பிறந்தவர், மீன்களின் குணம் அறிந்தவர்" என்று திருத்திச் சொன்னார். வேலை கிடைத்தது.

அது நடந்து மூன்று வருடம். டென்மார்க்கின் பிரெடெரிசியாத் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த அந்த ஆய்வுகூடத்தில் தொட்டி கழுவுவதும் மீன் எண்ணுவதும் அவளுடைய வேலை. கோணேஸ்வரன் பகலில் அங்கே பரிசோதகர், மாலையில் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். அவர் மொழிபெயர்த்தால் கெட்ட செய்தி எதுவும் மறுகரை போய்ச் சேராது.

பரிசோதனை எளிதானது. ஆறு தொட்டிகள், தொட்டிக்கு ஏழு மீன்குஞ்சுகள். ஐந்து தொட்டிகளில் புதிதாக வந்த மருந்தை ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாகக் கலப்பார்கள். ஆறாவதில் வெறும் நல்ல தண்ணீர். நான்கு நாளைக்கு மீன்களுக்குச் சாப்பாடு கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் போய் எத்தனை செத்தன என்று எழுத வேண்டும்.

நல்ல தண்ணீரில் இரண்டு செத்தாலே எல்லாம் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊரில் போர் முடிந்து ஒரு கிழமை கழிந்த திங்கட்கிழமை காலை, நல்ல தண்ணீரில் மூன்று செத்துக் கிடந்தன.

மருந்துத் தொட்டிகளில் முப்பத்தைந்தும் சுகமாக நீந்தின. அங்கே மருந்து என்றது பாத்திரம் கழுவும் திரவத்தை. சூழலுக்குக் கேடில்லை என்று போத்தலில் பச்சை இலைப் படம் ஒட்ட அனுமதி கேட்டு வந்தது.

கூடம் அமளிப்பட்டது. கீர்ஸ்தன் மூன்று மீனையும் வெள்ளைத் தட்டில் வரிசையாகக் கிடத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்தாள். நீளம் அளந்தாள், நிறை எடுத்தாள், படம் பிடித்தாள். நான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. 'கடைசியாக உயிரோடு கண்டவர்' என்ற கட்டத்தில் ராசமலரின் பெயர் எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை முறை அவளுடையது.

"காரணம் தெரியாத சாவை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை" என்றாள் கீர்ஸ்தன். அவளுக்குக் கோபமில்லை. உண்மையாகவே கவலைப்பட்டாள்.

ராசமலர் படிவத்தையே பார்த்தபடி நின்றாள். எவ்வளவு கட்டங்கள்.

அவளுக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. போன செவ்வாய், ஊரில் அகதி முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியில் பக்கத்து வீட்டுத் தவமணியக்கா இரண்டு நிமிடம் கதைத்தாள். ராசமலரின் தம்பி நிருபன் பதுங்குகுழி வாசலில் முடிந்துபோனான் என்றாள்.

விளக்குக் கொளுத்தப் போனவளின் கையிலிருந்து அவளுடைய மனிசன் நெருப்புப்பெட்டியை வாங்கி வைத்தான். "கோணேஸ் அண்ணை சொல்லட்டும். பிறகு கொளுத்தலாம்."

கோணேஸ் அண்ணை சொல்லவில்லை. சனிக்கிழமை மண்டபத்தில் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அங்கே ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, படத்துக்கு மாலை போடுகிறவர் எதிரியின் செய்திக்கே மாலை போடுகிறவர் என்றார். சனம் கைதட்டியது. அன்று மாலை ராசமலருக்குத் தொலைபேசியும் எடுத்தார். "அழுதனியாம் எண்டு கேள்விப்பட்டன். பொறு தங்கச்சி. இயக்கத்தின்ர அறிக்கை வரட்டும்."

இப்போது கீர்ஸ்தன் தொட்டிக்குள் இடுக்கியை விட்டு, காற்று வரும் குழாயின் வாயை அடைத்துக் கிடந்த எதையோ பிடுங்கி எடுத்தாள்.

சோறு.

"உன் மதியச் சாப்பாடா? தவறி விழுந்ததா?"

கோணேஸ்வரன் மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "தவறி விழுந்ததெண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன். இல்லாட்டி இண்டைக்கே வீட்ட அனுப்பிப்போடுவினம்."

"தவறேல்லை அண்ணை. நான்தான் போட்டனான். நேற்று எட்டு."

செத்தவருக்கு எட்டாம் நாள் படைத்த சோற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சந்தியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் விட வேண்டும். சந்தியில் வைத்தால் சங்கத்துக்குச் செய்தி போய்விடும். துறைமுகத்தில் விடலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தூண்டில் போடுகிறவர்களில் பாதிப்பேர் சங்கத்து ஆட்கள். ஆளில்லாத தண்ணீர் இங்கே மட்டும்தான் இருந்தது. அதிலும் மருந்து கலக்காத தொட்டியாகப் பார்த்துத்தான் விட்டாள். இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த மீன்கள் ஓடிவந்தன. அவளுக்கு மனம் ஆறிப்போயிருந்தது.

கோணேஸ்வரன் கீர்ஸ்தனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"ஆர் உன்னை எட்டுச் செய்யச் சொன்னது? அறிக்கை வர முன்னம் ஆரைக் கேட்டுச் செய்தனி? ஒருத்தனுக்காக ஒரு இனத்தையே…"

"ஒருத்தனுக்கில்லை அண்ணை."

அவள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிருபனோட உங்கட தம்பி சுஜனும் அந்த வாசலிலதான் நிண்டவனாம். தவமணியக்காதான் ரெண்டு பேருக்கும் மண் போட்டவ. உங்களிட்டச் சொல்ல எனக்குப் பயமாக்கிடந்தது. நான் ரெண்டு பிடி போட்டனான்."

காற்றுக் குழாய் திரும்ப வேலை செய்யத் தொடங்கியது. தொட்டியில் குமிழிகள் எழுந்தன.

"என்ன சொல்கிறாள்?" கீர்ஸ்தன் பேனாவைக் 'காரணம்' என்ற கட்டத்தின்மேல் பிடித்தபடி கேட்டாள். "கோணேஸ், அவள் என்ன சொல்கிறாள்?"

கோணேஸ்வரன் கையுறையைக் கழற்றினார். ஒன்று வந்தது. மற்றது விரல்களில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

பிறகு ஒரு கையில் கையுறையோடேயே கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனார்.