நற்குண வகுப்பு

"நற்குணத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும்னு சந்தையெல்லாம் கூவுறீங்களே ஐயா, என் புருஷனுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தீங்க?"

ஏதென்ஸ் நகரத்துத் தத்துவ ஆசிரியர் ஹெர்மோன் பேச்சை நிறுத்தினார். தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலை கட்டி விற்கும் லிசில்லா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"இருபது நாளா தினமும் காலையில இங்கதான் வர்றார். நேத்து என்ன பாடம்னு கேட்டா, வீரமாம். சரி, மாவுப் பானையில எலி இருக்கு, பிடிங்கன்னேன். வீரத்துல பாதிதான் முடிஞ்சிருக்கு, எலியெல்லாம் அடுத்த பாதியில வருதுங்கறார்."

மாணவர்கள் சிரித்தார்கள்.

"முந்தாநாள் தன்னடக்கமாம். விலாங்கு மீன் மொத்தத்தையும் அவரே தின்னார்."

"உங்க புருஷன் பேர் என்னம்மா?"

"பாம்பிலோஸ். செருப்புத் தைக்கிறவர்."

ஹெர்மோன் தாடியைத் தடவினார். "அவரா? ஒரே ஒரு நாள் வந்தார். நற்குணம் வர எத்தனை நாளாகும்னு கேட்டார். மூணு வருஷம்னேன். அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு எழுந்து போயிட்டார்."

லிசில்லாவுக்குக் காது சுட்டது. "அப்ப எவ வீட்டுக்குப் போறார்?"

மறுநாள் காலை புருஷன் பின்னாலேயே போனாள். பாம்பிலோஸ் நாலு தெரு சுற்றிவிட்டு, தன் பக்கத்து வீட்டின் பின்கதவு வழியாகவே உள்ளே நுழைந்தான்.

குயவன் தெரோன் வீடு. தனிக்கட்டை. எல்லைச் சுவருக்காக இவர்களோடு ஏழு வருஷமாக வழக்காடுகிறவன்.

எட்டிப் பார்த்தாள். ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்த தெரோன் படுத்திருந்தான். பாம்பிலோஸ் அவனுக்குப் பார்லிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தான்.

"வாயைத் திறடா, சுவர்த் திருடா."

"உப்பே இல்லடா, பொய்ச்சாட்சி."

லிசில்லா உள்ளே வந்தாள். பாம்பிலோஸ் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"இதுக்கா என்கிட்ட வகுப்புன்னு பொய் சொன்னீங்க?"

"பின்ன? இவன் விழுந்த அன்னிக்கு நீ என்ன சொன்னே? இந்த வீட்டுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் கையை ஒடிப்பேன்னு சொல்லலை?"

தெரோன் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

லிசில்லா கரண்டியை எடுத்துக் கழுவினாள். கூழைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நகருங்க. இதைக் குடிச்சா வழக்கு முடியறதுக்குள்ள அண்ணன் போய்ச் சேர்ந்துடுவார்."