நீர்க்காகத்தின் இறக்கை

ஏரிக்கரையில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. பறவை ஆர்வலர் சங்கத்தார் ஐந்து பேர் ஒரு துண்டைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள். துண்டுக்குள், தூண்டில் நரம்பு இறுக்கிய இறக்கையோடு ஒரு நீர்க்காகம். சங்கச் செயலாளரான பல் டாக்டர் அதன் தலையைப் பிடித்திருக்கிறார். போன மாதம் சேர்ந்த தையல்கார அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, நூல் வெட்டும் சின்னக் கத்தரியை இறகுகளுக்குள் நுழைக்கிறார். "கொஞ்சம் பொறுத்துக்கோடி தங்கம், முடிஞ்சிரும்." கத்தரி நறுக்கென்கிறது. நீர்க்காகமும் டாக்டரின் கட்டைவிரலை நறுக்கென்று கவ்வுகிறது. "ஐயோ! பல்லே இல்லாத வாய்னு நம்பினேனே!" அலறினாலும் டாக்டர் பிடியை விடவில்லை. யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை; கடைசி இழை சதையோடு ஒட்டியிருக்கிறது. அக்கா மூச்சை அடக்கி அதையும் வெட்டுகிறார். துண்டை விரித்ததும் பறவை தத்தித் தத்தி நடந்து, தண்ணீரில் இறங்கி, முங்கிப் போகிறது. அலை வட்டமாய் விரிந்து அடங்குகிறது. ஒன்றும் மேலே வரவில்லை. "சார், இறக்கை தாங்கலையோ?" அக்கா தண்ணீர் விளிம்புவரை போய்ப் பார்க்கிறார். டாக்டர் ரத்தம் கசியும் விரலோடு தன் பைனாகுலரை அவரிடம் நீட்டுகிறார். "அங்க பாருங்கம்மா, கோரைப் பக்கம்." தூரத்தில் ஒரு கறுத்த கழுத்து நிமிர்கிறது, அலகில் குறுக்காக ஒரு மீன் வெள்ளியாய்த் துள்ளுகிறது. அக்கா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "சாப்பிடுறா சார்," என்கிறார், பெற்றவளைப் போல.